ஏலத்துக்கு முன்னால் ஒரு தடி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, குமரி மாவட்டத்து மக்களே, வணக்கம்.

வெட்டிய உள்ளூர் மரங்களில் கலைப்பொருள் செய்து பொது இடத்தில் வைப்பது அவசியமா, ஆடம்பரமா? அவசியம் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அக்கா ஒரு போடு போட்டார். "மரத்தை வெட்டிய பாவத்தைச் சிலை வைத்து மறைக்கிறார்கள்" என்றார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. நானும் தட்டினேன், பேச்சு அவ்வளவு அழகு. ஆனால் எது மறைக்கிறது, நடுவர் அவர்களே? சாலையை அகலப்படுத்த ஒரு புளியமரத்தைச் சாய்க்கிறார்கள். துண்டு போட்டு, ஏலம் விட்டு, லாரியில் ஏற்றியாகிவிட்டது. தூர் இருந்த இடத்தில் தார். அப்புறம் அங்கே மரம் நின்றதற்குச் சாட்சியே கிடையாது. அதே மரத்தின் அடித்தடியில் ஓர் உருவம் செதுக்கி, என்ன மரம், எந்த வருடம், எதற்காக வெட்டினோம் என்று கீழே எழுதி, அதே முக்கில் வையுங்கள். பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளை வாசித்துவிட்டுக் கேள்வி கேட்கும். பதில் சொல்ல வேண்டியவர்களுக்குத்தான் சங்கடம். மறைக்க நினைக்கிறவன் சிலை வைக்க மாட்டான் அக்கா, லாரி பிடிப்பான்.

சரி, யாருமே வெட்டாத மரங்கள்? 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். ரோட்டோர மரம், ரப்பர், வீட்டுப் பலா எல்லாம் ஒரே நாளில் சாய்ந்து கிடந்தன. கடலுக்குப் போய்த் திரும்பாத நம் மீனவர்களுக்கு, அந்தப் புயல் சாய்த்த தடியிலேயே ஒரு நினைவுத்தூண் என்றால் அதையும் ஆடம்பரம் என்பீர்களா?

"இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர், மரம் மக்கிப்போகும்" என்றார் அடுத்தவர். தக்கலை பக்கம் போனால் பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்துவிட்டு வாருங்கள். அதன் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில், ஏகாந்த மண்டபத்துத் தூண் பலாமரத்தில் செதுக்கியது. நம் வீட்டுக் கொல்லையில் நிற்கிற அதே பலா! கூரைக்குள் நிற்கிறதே என்பார். நாமும் ஓடு வேய்வோம். நம் ஆசாரிகளைக் கேளுங்கள், எல்லாவற்றுக்கும் வழி சொல்வார்கள். வெளிப்பக்கத்து வெள்ளையைச் சீவி எறிந்துவிட்டுக் காதலில், அதாவது உள்ளே இருக்கிற வைரத்தில், மட்டும் வேலை செய்ய வேண்டும். முதுகுப்பக்கம் குடைந்து தடியின் நடுவை எடுத்துவிட்டால், காயும்போது பெரிய வெடிப்பு விழாது. கருங்கல் பீடத்தில் தூக்கி நிறுத்தினால் மண்ணின் ஈரம் ஏறாது, கறையான் ஏறினாலும் கண்ணில் படும். ரப்பர் தடியை மழையில் நிறுத்தச் சொல்லவில்லை. மருந்து ஏற்றாவிட்டால் கூரைக்குள்ளேயே அதைப் பூச்சி அரித்துவிடும். அயனி, பலா, தேக்கு இருக்கும்போது அது எதற்கு?

அந்தக் காசில் கன்று நடலாமாம். நடுங்களேன், யார் தடுத்தது?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். பொது இடத்தில் எந்த மரம் விழுந்தாலும், ஏலத்துக்கு முன்னால் நல்ல தடி ஒன்றை ஊருக்கென்று ஒதுக்க வேண்டும். அதைச் செதுக்கும் கூலி உள்ளூர் ஆசாரிக்கே போக வேண்டும். எங்கள் அணி கேட்பது இவ்வளவுதான். நன்றி, வணக்கம்.