121 தோல்விகளோடு ஓர் ஆண்டு

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் என்னும் பேஸ்பால் அணி, தான் ஆடிய 162 ஆட்டங்களில் 121 ஆட்டங்களைத் தோற்றது. 1901ஆம் ஆண்டு முதல் கணக்கிட்டால், அமெரிக்க மேஜர் லீக்கில் ஒரே சீசனில் இத்தனை ஆட்டங்களைத் தோற்ற அணி வேறொன்று இல்லை. அந்தச் சீசனை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரு ஸ்கோர் நோட்டில் எழுதிக்கொண்டே பின்தொடர்ந்தவன் என்பதுதான் இன்று உங்கள் முன் பேச எனக்கிருக்கும் ஒரே தகுதி.

கிரிக்கெட்டிலேயே வளர்ந்த நமக்கு 121 என்ற எண்ணின் கனம் உடனே பிடிபடாது. பேஸ்பாலில் ஆறு மாத காலம் ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் உண்டு. எவ்வளவு வலுவான அணியானாலும் அடிக்கடி தோற்றுத்தான் தீரும். அந்த ஆண்டு கோப்பையை வென்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிகூட, இறுதிச் சுற்றுகளுக்கு முந்தைய வழக்கமான சீசனில் 64 ஆட்டங்களைத் தோற்றிருந்தது. ஆகவே தோல்வி என்பது இந்த ஆட்டத்தின் ரசிகனுக்குச் சாப்பாட்டில் உப்பைப் போலப் பழகியது. அப்படிப் பழகியவர்களையே நிலைகுலைய வைத்த ஆண்டு அது. இதற்கு முந்தைய சாதனை 1962இல் நியூயார்க் மெட்ஸ் அணி தோற்ற 120 ஆட்டங்கள். மெட்ஸ், மற்ற அணிகள் கைவிட்ட ஆட்டக்காரர்களைச் சேர்த்து அந்த ஆண்டுதான் புதிதாகத் தொடங்கப்பட்ட அணி. ஒயிட் சாக்ஸோ 2005இல் 'உலகத் தொடர்' என்னும் இறுதிக் கோப்பையை வென்றது. 2021இல் 93 வெற்றிகளோடு தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. மூன்றே ஆண்டுகளில் அந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்கு வந்ததுதான், அணியின் சொந்த இடமான சிகாகோவின் தெற்குப் பகுதி மக்களுக்கு ஆறாத வலி.

என் நோட்டின் முதல் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்ச் 28, டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு எதிரான தொடக்க ஆட்டம். அதுவரை மேஜர் லீக்கில் ஒரு ஆட்டத்தில்கூட முதல் பந்தெறிபவராகத் தொடங்கியிராத காரெட் குரோஷே என்ற இடக்கை பிட்சர், அதாவது பந்தெறிபவர், அன்று ஒயிட் சாக்ஸுக்காக வந்தார். பேட்டர் அடிக்கத் தவறும் அல்லது அடிக்காமல் விடும் நல்ல பந்துக்கு ஸ்டிரைக் என்று பெயர்; மூன்று ஸ்டிரைக்கில் அவரை வெளியேற்றினால் ஸ்கோர் நோட்டில் 'கே' என்று குறிப்பார்கள். மட்டையை வீசாமலே அவர் அவுட்டானால் அந்த எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள். ஆறு இன்னிங்ஸில் எட்டு முறை அந்த எழுத்தை எழுதினேன். அவர் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு ரன். ஒயிட் சாக்ஸ் ஒன்றுகூட எடுக்கவில்லை. 1-0 என்று தோற்றார்கள். அந்த ஆண்டு முழுவதுமே அந்தப் பக்கத்தில் இருந்தது என்று பின்னால் புரட்டும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சரிவுக்குக் காரணங்கள் பல. லூயிஸ் ராபர்ட், எலோய் ஹிமெனெஸ், யோவான் மொங்காடா ஆகிய மூவரும் ஏப்ரல் பாதி கழியும் முன்பே காயம்பட்டு வெளியேறினார்கள். அணியின் முதன்மை பிட்சரான டிலன் சீஸ், சீசன் தொடங்கும் முன்பே சான் டியேகோ அணிக்குக் கொடுக்கப்பட்டுவிட்டார். ஜூலை 25 அன்று அவர், எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது அடித்துவிட்டுப் பேஸை எட்டும் ஓர் அடிகூடத் தராமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். அந்த நாளில் ஒயிட் சாக்ஸ், 21 ஆட்டங்கள் நீடித்த தொடர்தோல்வியின் நடுவே இருந்தது. தன் வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறொரு வீட்டில் விளக்கேற்றுவதைப் பார்ப்பது போன்ற மனநிலை அது. மகிழாமலும் இருக்க முடியவில்லை, அழாமலும் இருக்க முடியவில்லை.

மே 23ஆம் தேதிப் பக்கத்தை இன்றைக்கும் நான் அமைதியாகப் பார்க்க முடிவதில்லை. பால்டிமோர் அணி 8-6 என்று முன்னிலையில் இருக்க, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒருவர் அவுட், ரன் எடுக்கக் கடக்க வேண்டிய பேஸ்களில் முதல் இரண்டில் ஒயிட் சாக்ஸ் ஓட்டக்காரர்கள். ஒயிட் சாக்ஸ் பேட்டர் பெனின்டெண்டி அடித்த பந்து உள்வட்டத்திலேயே உயரமாக எழும்பியது. இத்தகைய பந்தை வேண்டுமென்றே நழுவவிட்டு, ஓடத் தயங்கி நிற்கும் இருவரையும் வீழ்த்தும் தந்திரத்தைத் தடுப்பதற்காக, பந்து கைக்கு வரும் முன்பே பேட்டரை அவுட் என்று அறிவிக்கும் விதி ஒன்று உண்டு. அதாவது ஓட்டக்காரர்களைக் காப்பதற்கென்றே பிறந்த விதி. அன்று இரண்டாவது பேஸில் நின்ற ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்த ஷார்ட்ஸ்டாப்புக்கு, அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாட்டக்காரருக்கு, குறுக்கே இருந்தார் என்று நடுவர் தீர்ப்பளித்து அவரையும் அவுட் ஆக்கினார். பந்தை ஷார்ட்ஸ்டாப் சிரமமின்றிப் பிடித்தும்விட்டார். ஒரே பந்தில் இருவர் போக, மூன்று அவுட்டும் ஆகி ஆட்டம் அங்கேயே முடிந்தது. அந்தக் கட்டத்தில் என்ன குறியிடுவது என்று தெரியாமல் பென்சிலை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் பின்தொடர்ந்தாய் என்று நண்பர்கள் கேட்டார்கள். ஓர் அணியை நேசிப்பவர் அது ஜெயிக்கும் என்று கணக்குப் போட்டு நேசிப்பதில்லை என்பது என் பதில். ஒவ்வொரு மாலையும் முதல் பந்து எறியப்படும்போது ஸ்கோர் 0-0 தான். அந்தச் சில நிமிடங்கள் எனக்குப் போதுமானவையாக இருந்தன. பிறகு ஆட்டம் கைவிட்டுப் போனாலும், ஓர் இளம் பேட்டர் நேற்று ஏமாந்த வளைபந்தை இன்று விட்டுவிடக் கற்றுக்கொண்டாரா என்று பார்க்கத் தொடங்கினேன். வென்ற அணிகளைப் பின்தொடர்ந்த ஆண்டுகளில் நான் அவ்வளவு கூர்ந்து பார்த்ததே இல்லை.

செப்டம்பர் 24 அன்று, 120 தோல்விகளோடு, அணி சொந்த மைதானத்தில் ஏஞ்சல்ஸ் அணியை எதிர்கொண்டது. 'அணியை விற்றுவிடு' என்று 1981 முதல் உரிமையாளராக இருக்கும் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபை நோக்கி ரசிகர்கள் முழங்கினார்கள். அந்த முழக்கத்தைத் துரோகம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பற்றில்லாதவர்கள் கோபப்படுவதற்காகக் காசு கொடுத்து மைதானத்துக்கு வரமாட்டார்கள். ஏழு இன்னிங்ஸ் முடிந்தபோது 0-2 என்று பின்தங்கியிருந்த அணி, எட்டாவதில் மூன்று ரன் எடுத்து வென்றது. அடுத்த இரண்டு நாட்களும் வென்றது. 27ஆம் தேதி டெட்ராய்ட்டில், சீசனின் முதல் தோல்வியைத் தந்த அதே டைகர்ஸிடம் 4-1 என்று தோற்றபோது 121 நிறைவேறியது. டைகர்ஸ் அன்றிரவே அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றுக் கொண்டாடியது.

அதன் பிறகும் இரண்டு ஆட்டங்கள் மீதமிருந்தன. என் நோட்டிலும் இரண்டு பக்கங்கள். 28ஆம் தேதியும் 29ஆம் தேதியும் ஒயிட் சாக்ஸ் வென்றது. இரண்டையும் முழுவதும் எழுதினேன்.

நன்றி, வணக்கம்.