மலைப்பகுதியில் சிந்தசைசர்: கருவியா, மென்பொருளா?

[திரையில்: மேசையின் இடப்புறம் குமிழ்கள் நிறைந்த ஒரு சிந்தசைசர், வலப்புறம் லேப்டாப்பும், தானே ஒலிக்காமல் எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்பதைக் கணினிக்கு அனுப்பும் சிறிய மிடி கீபோர்டும். சன்னலுக்கு வெளியே கோத்தகிரியின் தேயிலைச் சரிவு.]

மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் சிந்தசைசரைக் கருவியாக வாங்குவது நல்லதா, அதே ஒலியைத் தரும் மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்வது நல்லதா என்ற கேள்விக்கு, எது இனிமையாக ஒலிக்கிறது என்பதை வைத்தே பெரும்பாலும் விடை சொல்கிறார்கள். நீலகிரியில் இருந்துகொண்டு தேவாலயப் பாடகர் குழுவுக்கோ, படுகர் பாடல்களுக்கோ, திருவிழா மேடைக்கோ வாசிப்பவருக்கு அந்த விடை போதாது. ஒலியின் தரத்தில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. குளிரையும் ஈரத்தையும் மின்வெட்டையும் அவை தாங்கும் விதத்தில் உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. இங்கே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

[திரையில்: ஆசிலேட்டர் பலகையின் அண்மைக் காட்சி.]

1970-இல் வெளிவந்த மினிமூக் சிந்தசைசரை எடுத்துக்கொள்வோம். அதில் ஒலியைப் பிறப்பிப்பவை மூன்று ஆசிலேட்டர்கள். ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய மின்னழுத்தம் ஆசிலேட்டருக்குப் போகிறது. ஒரு வோல்ட் கூடினால் சுரம் சரியாக ஒரு ஸ்தாயி மேலே ஏற வேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்தாயி ஏறும்போது அதிர்வெண் இரண்டு மடங்காக வேண்டும் என்பதால், சீராகக் கூடும் மின்னழுத்தத்தை மடங்கு மடங்காகப் பெருகும் மின்னோட்டமாக மாற்றும் பொறுப்பு ஒரு டிரான்சிஸ்டர் இணையிடம் இருக்கிறது. டிரான்சிஸ்டரின் இந்தக் குணம் வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால், ஈடுகட்ட ஏற்பாடு ஏதும் இல்லாத சுற்றில், ஒரு வோல்ட்டுக்குச் சுரம் ஏறும் அளவு ஏறத்தாழ 0.33 சதவீதம் மாறிவிடும்.

கேட்பதற்கு இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று பிரிப்பது வழக்கம். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் ஒரு ஸ்தாயி தள்ளியுள்ள சுரம் 40 சென்ட் அளவுக்கு விலகுகிறது. இரண்டு ஸ்தாயி தள்ளியிருந்தால் 80 சென்ட், அதாவது கிட்டத்தட்ட அடுத்த கட்டையின் சுரம். உதகையில் ஜனவரி விடியற்காலையில் வெப்பநிலை பூஜ்யம் டிகிரியை நெருங்குவதும், அதே நாள் நண்பகலில் 20 டிகிரியைத் தொடுவதும் நமக்குத் தெரிந்ததே.

[ஒலி: ஆர்மோனியத்தின் மேல் ஸட்ஜம். அதன் மேல் 40 சென்ட் விலகிய சிந்தசைசரின் ஸட்ஜம். நான்கு விநாடி.]

குளிர்ந்தால் ஸ்தாயி விரியும், சூடேறினால் சுருங்கும் என்பதால், கீழ்ச் சுரத்தில் சுருதி சேர்த்துவிட்டு மேலே போனால் கருவி இன்னும் மோசமாக ஏமாற்றும். தயாரிப்பாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். வெப்பத்துக்கேற்பத் தானும் மாறி இந்த விலகலை ஈடுகட்டும் மின்தடையைப் பலகையில் வைக்கிறார்கள். 1978-இல் வந்த ப்ராஃபெட்-5 கருவியில், அழுத்தினால் தானே சுருதி சேர்த்துக்கொள்ளும் பொத்தானே இருக்கிறது. ஆயினும் பலகை முழுவதும் ஒரே சூட்டுக்கு வரும்வரை எந்த ஈடுகட்டலும் முழுப் பலன் தராது. அதிகாலைக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வாசிப்பவர்கள் அரை மணி நேரம் முன்பே கருவியை இயக்கி வைத்துவிட்டு, ஆராதனை தொடங்குவதற்குச் சற்று முன்பு சுருதி பார்ப்பதே முறை.

மென்பொருளில் அதே சுரம் ஒரு கணக்கு. குளிரில் கணக்கு மாறாது. ஆனால் மூன்று ஆசிலேட்டர்களும் இம்மியும் பிசகாமல் ஒன்றிப்போனால் ஒலி தட்டையாகிவிடும். அனலாக் கருவியின், அதாவது கணக்கால் அல்லாமல் மின்சுற்றாலேயே ஒலி எழுப்பும் கருவியின், செழுமைக்கு அந்த நுண்ணிய விலகலே ஒரு காரணம். அதனால்தான் பல பிளக்-இன்களில் (இசைப்பதிவு மென்பொருளுக்குள் இயங்கும் சிந்தசைசர் மென்பொருள்களில்) அந்த விலகலைச் செயற்கையாகச் சேர்க்கத் தனிக் குமிழ் வைத்திருக்கிறார்கள். அதை மிகக் குறைவாகத் திருப்புங்கள். அதிகமானால் அது வெறும் அபசுரம்.

[திரையில்: டிஎக்ஸ்7-இன் முகப்பு, அருகே அதன் மென்பொருள் வடிவம்.]

கருவி என்றாலே அனலாக் என்று எண்ணிவிடக் கூடாது. 1983-இல் யமஹா வெளியிட்ட டிஎக்ஸ்7, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்எம் முறையில், அதாவது ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைத்து ஒலி உருவாக்கும் முறையில், இயங்குவது; அதற்குள்ளும் கணக்குதான் ஓடுகிறது. அலையைப் பிறப்பிக்கும் ஆறு ஆபரேட்டர்கள், அவற்றை இணைக்க 32 வழிகள். இலவசமாகவே கிடைக்கும் டெக்ஸ்டு என்ற பிளக்-இன், டிஎக்ஸ்7-இன் ஒலிக்கோப்புகளை அப்படியே ஏற்று வாசிக்கும். எண்களை ஒலியலையாக்கும் பழைய கருவியின் 12 பிட் மாற்றி சேர்க்கும் மெல்லிய இரைச்சலுக்காக, பழுதாகும் வயதை எட்டிய ஒன்றைத் தேடி வாங்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

இனி தாமதம். கட்டையை அழுத்தியது முதல் ஒலி காதில் விழும்வரை ஆகும் நேரத்தில்தான் லேப்டாப்பை நம்பி மேடையேறியவர்கள் தடுமாறுகிறார்கள். கணினி ஒலியைச் சிறு தொகுதிகளாகக் கணக்கிட்டு அனுப்புகிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியலையின் அளவுகள்) என்ற வேகத்தில் 256 மாதிரி கொண்ட தொகுதிக்கு 5.8 மில்லி விநாடி ஆகும். ஸ்பீக்கருக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் காற்றில் வரும் ஒலிக்கும் ஏறத்தாழ இவ்வளவு நேரம் ஆகும். இது கைக்குத் தெரியாது. தொகுதி 1024 ஆனால் 23 மில்லி விநாடி. மிருதங்கத்தோடு துரித காலத்தில் வாசிக்கும்போது கை பின்தங்குவது நன்றாகத் தெரியும். விண்டோஸ் கணினியாக இருந்தால், தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவருடன் வரும் நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) ஒன்றை வாங்கிவிடுங்கள். பிளக்-இன்னுக்குச் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய செலவு இது.

[திரையில்: ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர் குமிழை மெதுவாகத் திருப்பும் விரல்கள். முதலில் அனலாக் கருவியில். பிறகு மிடி கீபோர்டில்.]

கருவியை விரும்புபவர்கள் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு உள்ள இடம் இது. மினிமூக்கின் ஃபில்டர் குமிழ் மின்சுற்றோடு நேரே பிணைந்தது; விரல் நகரும் அளவுக்கு ஒலியும் இடைவிடாமல் நகரும். மிடி கீபோர்டின் குமிழ் 0 முதல் 127 வரை உள்ள எண்களையே அனுப்புகிறது. மிக மெதுவாகத் திருப்பினால், அதைச் சமன்செய்யாத பிளக்-இன்களில் படிப்படியாக ஏறும் கரகரப்பு கேட்கும். சுரத்தை வளைக்கும் சக்கரத்துக்கு மட்டும் 16,384 படிகள் உண்டு என்பதால் கமகம் வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் அது பொதுவாக இரண்டு கட்டை தூரத்துக்கே அமைக்கப்பட்டிருக்கும்; நீண்ட ஜாருவுக்கு (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்குவதற்கு) அந்த எல்லையைக் கருவியிலும் மென்பொருளிலும் நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி வளைவு தரும் எம்பிஇ முறை 2018-இல் மிடி தரத்தில் சேர்ந்தது. அதை ஏற்கும் பிளக்-இன்கள் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் லேப்டாப் தன் பேட்டரியில் தொடர்ந்து ஓடும். பெரும்பாலான சிந்தசைசர்கள் அந்த நொடியே அணைந்துவிடும். ஆகவே கருவி வைத்திருப்பவருக்கு யூபிஎஸ் கட்டாயம். ஈரம் இரண்டையும் தாக்கும். உதகைக் குளிரில் ஊறிய கருவியை மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறக்கியவுடன் உறையைப் பிரித்தால், அங்குள்ள ஈரக்காற்று குளிர்ந்த பலகையின் மீது நீர்த்துளியாகப் படியும். உறைக்குள்ளேயே வைத்து, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு இயக்குங்கள். பழுதானால், லேப்டாப்பைப் பார்க்க உதகையிலேயே ஆள் உண்டு. அனலாக் பலகையில் கைவைக்கத் தெரிந்தவரைத் தேடி மலையிறங்கத்தான் வேண்டியிருக்கும்.

ஆயுள் விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் குறை உண்டு. 1984-இல் வந்த ரோலண்டு ஜூனோ-106 சிந்தசைசரில் ஒவ்வொரு சுரத்தின் ஒலியையும் வடிவமைக்கும் குரல் சிப்புகள், அவற்றைப் பூசி மூடிய பிசினாலேயே நாளடைவில் கெட்டுப்போவது பெயர் பெற்ற நோய். மென்பொருளின் பக்கம், 2019-இல் ஆப்பிள் கணினிகளின் மேக்ஓஎஸ் கேட்டலினா பழைய வகையான 32 பிட் நிரல்களைக் கைவிட்டபோது, அதுவரை வேலை செய்துகொண்டிருந்த பழைய பிளக்-இன்கள் அந்தக் கணினிகளில் ஒரே அப்டேட்டில் வாயடைத்துப்போயின.

ஆகவே இங்கே புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: கட்டைகளின் அழுத்தம் கைக்கு இதமாக இருக்கும் ஒரு மிடி கீபோர்டு, ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், டெக்ஸ்டு, சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் போன்று விலையில்லாமல் கிடைக்கும் பிளக்-இன்கள். இவற்றில் ஓராண்டு கை பழகிய பிறகும் குமிழைத் தொட்டு வாசிக்கும் ஆசை நீங்கவில்லை என்றால், அப்போது ஒரே ஒரு சிந்தசைசரை வாங்குங்கள். மலைக்கு ஏற்றது எது என்றால், சுருதியைச் சீராகத் துடிக்கும் படிகக் கடிகாரத்தின் துணையால் நிலைநிறுத்தும் வகையோ, முழு டிஜிட்டல் வகையோதான்.

[திரையில்: பதிவு மென்பொருளில் ஒவ்வொரு வரியாக ஒலிக்கோப்பாக மாறும் காட்சி.]

எதை வாங்கினாலும், ஒரு பாடல் முடிந்த அன்றே, அதில் வரும் ஒவ்வொரு கருவியின் வரியையும் தனித்தனி வேவ் கோப்பாகப் பதிந்து, கணினிக்கு வெளியே இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். பிளக்-இன் நின்றுபோனாலும் சிப்பு கெட்டுப்போனாலும் அந்தக் கோப்பை எந்தக் கணினியும் வாசிக்கும்.