உங்கள் குணத்துக்கு எத்தனை லாட்?

(திரையில்: 1.50 சிங்கப்பூர் வெள்ளிக் கோட்டைத் தாண்டும் பங்கின் வரைபடம்)

மூன்று வாரமாக 1.50-ஐ முட்டி முட்டித் திரும்பிய பங்கு, இன்று நல்ல வால்யூமோடு, அதாவது நிறையப் பங்குகள் கைமாறத் தாண்டுகிறது. இப்படி ஏறுகிற பங்கில் தொற்றிக்கொள்வதுதான் மொமென்டம் டிரேடிங்.

முதலில் கணக்கு. கையில் 20,000 வெள்ளி. ஒரு டிரேடில் 1 விழுக்காடு, அதாவது 200 வெள்ளிதான் நட்டமாகப் போகலாம். வாங்குவது 1.50-இல், ஸ்டாப் லாஸ், அதாவது விலை இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஆர்டர், 1.42-இல். இடைவெளி 8 காசு. வகுத்தால் 2,500 பங்கு. 100 பங்கு ஒரு லாட், ஆக 25 லாட். இதுவரை யாரும் தப்பு செய்வதில்லை. தப்பு வருவது குணத்தால்; மூன்று பேரைப் பாருங்கள்.

(திரையில்: 1.62)

அவசரக்காரர். 9 மணிக்குச் சந்தை திறந்தபோது எம்ஆர்டி ரயிலில் நிற்கிறார். டோபி காட் நிலையத்தில் இறங்கிப் பார்த்தால் 1.62. "ஐயோ போச்சே" என்று அதே 25 லாட்டை அழுத்துகிறார். ஸ்டாப் இன்னும் 1.42-தான், இடைவெளி இப்போது 20 காசு. போகக்கூடியது 500 வெள்ளி! 1.62-இல் இவருக்கு 10 லாட்டுக்கு மேல் கிடையாது. அதைவிட, முந்தின இரவே ஸ்டாப்-லிமிட் ஆர்டர் போடலாம்: 1.50-ஐத் தாண்டினால் வாங்கு, 1.53-க்கு மேல் வேண்டாம். லாட்டை 1.53-க்கே கணக்கிடுங்கள்: 18.

பயந்தவர். 1.54 வந்ததும் விற்றுவிடுகிறார். 25 லாட்டில் லாபம் 100 வெள்ளி. தரகுக் கட்டணம் ஒரு பக்கத்துக்கு 25 வெள்ளி என்றால் மிஞ்சுவது 50. தோற்றாலோ, கட்டணத்தோடு 250. ஒரு தோல்வியை ஈடுகட்ட ஐந்து வெற்றி வேண்டும்! இவர் பாதியை மட்டும் விற்கட்டும். மீதிக்கு ஸ்டாப்பை 1.50-க்கு ஏற்றிவிடட்டும்.

பிடிவாதக்காரர்தான் எனக்கு அதிகக் கவலை. 1.42-இல் ஸ்டாப்பை எடுத்துவிட்டு இன்னும் 25 லாட் வாங்குவார். "சராசரி 1.46 ஆச்சுல்ல?" ஆச்சு. 1.38-க்கு இறங்கினால் போவது 400. லாபத்தைச் சீக்கிரம் விற்று நட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு, நிதியியல் ஆய்வாளர்கள் ஷெஃப்ரினும் ஸ்டாட்மனும் 1985-இல் 'டிஸ்பொசிஷன் எஃபெக்ட்' என்று பெயர் வைத்தார்கள். 2013 அக்டோபரில் புளூமோன்ட், ஏஷியாசன்ஸ், லயன்கோல்ட் என்ற மூன்று சிங்கப்பூர்ப் பங்குகள் சரிந்தபோது சுமார் 8 பில்லியன் வெள்ளி மதிப்பு கரைந்தது. இறங்க இறங்க வாங்கியவர் கதியை நீங்களே நினைத்துப் பாருங்கள். இவர் வாங்கும்போதே ஸ்டாப்பையும் சேர்த்துப் போட்டுவிட்டு, 5 மணி வரை செயலியைத் திறக்காமல் இருப்பது நல்லது.

(திரையில்: 1.48-இலிருந்து 1.30-க்கு விழும் இடைவெளி)

ஸ்டாப்பும் எல்லா நாளும் காப்பாற்றாது. சந்தை மூடியபின் மோசமான நிதிநிலை முடிவு வருகிறது, மறுநாள் 1.30-இல் திறக்கிறது. 1.42-இல் வாங்க ஆளே இல்லை. 25 லாட்டில் 500 வெள்ளி போயிற்று. முடிவு வெளியாகும் தேதி தெரிந்தால், முந்தின நாளே 10 லாட்டுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போது இதே விழுதலில் இரவு தாண்டி நிற்கும் பங்குக்குப் போவது 200-தான்.