திரும்பி வருவதற்கு ஓர் இருக்கை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் போயிங் நிறுவனத்தின் ஸ்டார்லைனர் விண்கலத்தில் நாசா வீரர்களான புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டபோது, ஏறத்தாழ எட்டு நாளில் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. அவர்கள் புளோரிடாவை ஒட்டிய கடலில் வந்து இறங்கிய நாளோ 2025 மார்ச் 18. இடைப்பட்ட 286 நாட்களில் நான் படித்த செய்தித்தாள்களில் பெரும்பாலானவை "விண்வெளியில் சிக்கித் தவிக்கும் வீரர்கள்" என்ற ஒரே தலைப்பைத்தான் மாற்றி மாற்றிப் போட்டன. அந்தத் தவிப்பு என்ற சொல்லோடுதான் இன்று எனக்கு வழக்கு. சம்பந்தப்பட்ட இருவருமே அதை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. விண்வெளியில் ஒருவருடைய தங்கல் நீண்டுபோவதை நாம் விபத்தாகப் பார்க்கிறோம். பெரும்பாலான நேரங்களில் அது ஒரு விபத்தைத் தவிர்ப்பதற்காக எடுத்த முடிவு.

ஸ்டார்லைனரில் என்ன நடந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஜூன் 6ஆம் நாள் கலம் விண்வெளி நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது, அதன் திசையையும் வேகத்தையும் நுணுக்கமாகத் திருத்தும் 28 சிறு உந்துபொறிகளில் ஐந்து ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. சிறிது நேரம் வில்மோர் தாமே கையால் கலத்தை இயக்க வேண்டியதாயிற்று. பிறகு நான்கு உந்துபொறிகள் உயிர்பெற்றன. கலம் நிலையத்தோடு இணைந்தது. இது போதாதென்று, எரிபொருளை அழுத்தித் தள்ளும் ஹீலியம் வாயுவும் பல இடங்களில் கசிந்துகொண்டிருந்தது.

"அதுதான் இணைந்துவிட்டதே, பிறகு ஏன் எட்டாம் நாள் கிளம்பவில்லை?" என்று கேட்கலாம். இதற்கான விடை அந்தக் கலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. உந்துபொறிகள் பொருத்தப்பட்டிருக்கும் பின்பகுதி பூமிக்குத் திரும்பி வருவதில்லை. வளிமண்டலத்தில் நுழைவதற்கு முன் அது கழற்றிவிடப்பட்டு எரிந்து சாம்பலாகிவிடும். பழுதான பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு ஒருபோதும் கிடைக்காது. ஆகவே, அது நிலையத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை மட்டுமே அதைச் சோதிக்க முடியும். பொறியாளர்கள் நியூ மெக்சிகோவின் ஒயிட் சேண்ட்ஸ் மையத்தில் அதே வகை உந்துபொறி ஒன்றைத் திரும்பத் திரும்ப எரித்துப் பார்த்தார்கள். அளவுக்கு மீறிய வெப்பத்தில் உள்ளே இருந்த சிறிய டெஃப்லான் அடைப்பு ஒன்று உப்பி, எரிபொருள் பாயும் வழியைக் குறுக்கியிருக்கலாம் என்று தெரிந்தது. இறங்கும்போது அது மீண்டும் உப்பாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. ஆகஸ்ட் 24ஆம் நாள், ஸ்டார்லைனர் ஆளில்லாமலே திரும்பட்டும் என்று நாசா அறிவித்தது. செப்டம்பரில் அந்தக் கலம் ஒயிட் சேண்ட்ஸில் பத்திரமாகவே தரையிறங்கியது. பார்த்தீர்களா, அவர்கள் அதிலேயே வந்திருக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். வென்ற சூதாட்டத்தைக் காட்டி, சூதாடியது சரி என்று வாதிடுவது போன்றது அது.

இந்த முடிவை அறிவித்தபோது நாசாவின் தலைவர் பழைய இழப்புகளை நினைவூட்டினார். அதன் பொருள் நமக்கு விளங்கும். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் ஏறும்போதே, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக்கட்டி ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியிருந்தது. சேதத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் சிலர் கேட்டார்கள். மேலிடம் அதைத் தொடரவில்லை. பிப்ரவரி 1ஆம் நாள், குறித்த நேரத்தில், தாமதமே இல்லாமல் அந்த ஓடம் இறங்கத் தொடங்கியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் மாண்டார்கள்.

அன்று நிலையத்தில் மூவர் இருந்தார்கள்: பவர்சாக்ஸ், பெட்டிட், புதாரின். மார்ச் மாதம் விண்ணோடத்தில் திரும்ப வேண்டிய அவர்கள், விண்ணோடங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டதால், மே மாதத் தொடக்கம்வரை தங்கிவிட்டு ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் வந்தார்கள். அதுவும் சீராக அமையவில்லை. கலம் செங்குத்தான பாதையில் பாய்ந்து, குறித்த இடத்துக்கு நானூறு கிலோமீட்டருக்கும் மேல் முன்னதாகவே கஜகஸ்தான் புல்வெளியில் விழுந்தது. மீட்புக் குழு வந்துசேரும்வரை மூவரும் தாங்களே வெளியேறிக் காத்துக் கிடந்தார்கள்.

இப்போது இருக்கைக்கு வருகிறேன். நிலையத்தில் உணவும் நீரும் காற்றும் இருப்பில் இருக்கும். சரக்குக் கலங்களும் வந்துகொண்டிருக்கும். தீ, புகை, ஓட்டை என்று ஏதேனும் நேர்ந்தால் ஏறி உட்கார்ந்து கிளம்புவதற்கு ஓர் இருக்கை உண்டா என்பதுதான் கேள்வி. ஸ்டார்லைனர் வெறுமையாகக் கிளம்பிய நாளிலிருந்து அடுத்த கலம் வரும்வரை, வில்மோருக்கும் வில்லியம்ஸுக்கும் முறையான இருக்கை இல்லை. அங்கே நின்றிருந்த ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலத்தின் நான்கு இருக்கைகளும் வேறு நால்வருக்கு உரியவை. அதனால் அதன் சரக்குப் பகுதியில் நுரைமெத்தைகளைப் பரப்பி, அவசரம் நேர்ந்தால் அதில் பட்டையால் கட்டிக்கொண்டு படுத்தபடியே இறங்குவது என்று ஏற்பாடு செய்தார்கள். போயிங் உடுப்பு ஸ்பேஸ்எக்ஸ் கலத்தின் இணைப்புகளில் பொருந்தாது என்பதால், விண்வெளி உடுப்புகூட அணியாமல்! நிலையம் ஒன்றுதான், அதற்குப் போய்வரும் வண்டிகளின் உடுப்புகளோ ஒன்றுக்கொன்று சேராதவை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைச் சரிசெய்யாமல் விட்டது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன்.

உடுப்பு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அவர்கள் புறப்படுவதற்குச் சற்று முன்பு, நிலையத்தில் சிறுநீரைச் சுத்திகரித்து நீராக்கும் கருவியின் பம்பு பழுதாகிவிட்டது. மாற்றுப் பம்பை ஏற்ற இடம் வேண்டியிருந்தது. எட்டு நாள் பயணந்தானே என்று இருவருடைய துணிப்பெட்டிகளையும் இறக்கிவைத்துவிட்டார்கள்! நிலையத்தில் பொதுவாக வைத்திருந்த துணிகளை உடுத்திக்கொண்டுதான் அவர்கள் நாட்களைக் கடத்தினார்கள். ஆகஸ்டில் வந்த சரக்குக் கலம்தான் அவர்களுக்கென்று உடை கொண்டுவந்தது.

இன்னொரு நாசா வீரரான பிராங்க் ரூபியோவின் கதை இதைவிட நீண்டது. 2022 செப்டம்பரில் சோயுஸ் கலத்தில் ஆறு மாதத் தங்கலுக்குப் போனவர் அவர். டிசம்பரில், நிலையத்தோடு இணைந்திருந்த அந்தக் கலத்தின் குளிர்விப்புத் திரவம் முழுவதும் வெளியே பீறிட்டுவிட்டது. நுண்ணிய விண்கல் ஒன்று குழாயில் ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத துளையைப் போட்டுவிட்டது என்று ரஷ்யா அறிவித்தது. குளிர்விப்பு இல்லாத சிறு கலத்தில் மூவர் அமர்ந்தால் உள்ளே வெப்பம் ஏறிவிடும். ஆகவே, ரூபியோவின் உடல் வளைவுக்கென்றே வார்க்கப்பட்ட இருக்கை உறையை மட்டும் கழற்றி, பக்கத்தில் நின்ற டிராகனுக்குள் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். ஓர் ஆள் குறைந்தால் அந்த அளவுக்கு வெப்பமும் குறையும் என்பது கணக்கு. பிப்ரவரியில் ஆளில்லாத சோயுஸ் ஒன்று மேலே போனது. அடுத்த குழுவுக்கென்று ஒதுக்கிய கலம் அது. அடுத்த குழு வர வேறொரு கலம் தயாராகும்வரை இவர்கள் இருந்தாக வேண்டும். ஆறு மாதம் 371 நாளாயிற்று.

இப்படி ஓராண்டு ஆகும் என்று முன்பே கேட்டிருந்தால், குடும்பத்தை எண்ணி அநேகமாக மறுத்திருப்பேன் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அவரைப் பற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. நிலையத்தில் விளைந்த தக்காளி ஒன்று அவர் கையிலிருந்து மிதந்துபோய்க் காணாமற்போனது. மணிக்கணக்காகத் தேடியும் கிடைக்கவில்லை. அவர்தான் தின்றுவிட்டார் என்று சகாக்கள் கிண்டல் செய்தார்கள். அவர் பூமிக்கு வந்து மாதங்கள் கழித்து, வற்றிச் சுருங்கிய தக்காளியை மற்றவர்கள் கண்டெடுத்து அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள்.

சோவியத் விண்வெளி வீரர் செர்கெய் கிரிகலேவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1991 மே மாதம் சோவியத்தின் மிர் விண்வெளி நிலையத்துக்குப் போனவர், 1992 மார்ச் 25இல், 311 நாட்களுக்குப் பின் திரும்பினார். அதற்குள் அவரை அனுப்பிய சோவியத் ஒன்றியம் இல்லாமற்போய், அவருடைய லெனின்கிராடும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிவிட்டிருந்தது. நாடு அவரை மறந்துவிட்டது என்று பலர் உருக்கமாகப் பேசுவார்கள். உண்மை அதுவன்று. அவருக்கான சோயுஸ் எப்போதும் மிர்ரோடு இணைந்தே இருந்தது. பணமுடையால் இரண்டு பயணங்களை ஒன்றாக்கினார்கள். கஜகஸ்தானைச் சேர்ந்த வீரர் ஒருவருக்கு இடம் கொடுக்க வேண்டியிருந்தது. அவருக்கு நீண்டகாலத் தங்கலுக்கான பயிற்சி இல்லை. நிலையத்தைக் காலியாக விடக்கூடாது என்பதால் கிரிகலேவ் சம்மதித்துத் தங்கினார்.

உடலைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. உடற்பயிற்சி இல்லாவிட்டால் இடுப்பெலும்பு போன்றவை மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு அடர்த்தியை இழக்கும்; அதனால்தான் நாள்தோறும் இரண்டு மணி நேரத்தை அதற்கே ஒதுக்குகிறார்கள். எடையின்மையில் உடலின் நீர் தலைப்பக்கம் ஏறுவதால் முகத்தின் தோற்றமே மாறும். ஒரு நிழற்படத்தைப் பார்த்துவிட்டு, சுனிதா மெலிந்து நலிந்துவிட்டார் என்று இங்கிருந்தபடியே மருத்துவம் பார்த்தவர்களுக்கு அவரே இதை விளக்க வேண்டியிருந்தது.

ஒருவருடைய இருக்கைக் கடனை அடைப்பவர் எப்போதும் இன்னொருவர்தான். 2025 நவம்பர் 5இல் சீனாவின் விண்வெளி நிலையத்திலிருந்து திரும்பவிருந்த ஷென்சோ 20 கலத்தின் சன்னலில் விரிசல் காணப்பட்டது. விண்குப்பை பட்டிருக்கலாம் என்றார்கள். அந்த மூவரையும், புதிதாக வந்திருந்த ஷென்சோ 21 கலத்தில் ஏற்றி நவம்பர் 14இல் இறக்கினார்கள். அவர்களுக்கு ஒன்பது நாள் தாமதம், அவ்வளவுதான். தங்கள் கலத்தைக் கொடுத்துவிட்டு மேலே நின்ற மற்ற மூவரோ, நவம்பர் 25இல் ஷென்சோ 22 வந்து சேரும்வரை பதினொரு நாள், நம்பி ஏறத்தக்க கலம் இல்லாமல் இருந்தார்கள். தவிப்பு என்ற சொல்லை எங்கேனும் போட வேண்டுமானால் அங்கே போடலாம்.

வில்மோருக்கும் வில்லியம்ஸுக்கும் அந்த விலையைக் கொடுத்தவர்கள் நாசா வீராங்கனைகள் ஸீனா கார்ட்மனும் ஸ்டெஃபனி வில்சனும். 2024 செப்டம்பர் 28இல் நால்வர் போகவேண்டிய டிராகன், நிக் ஹேக், அலெக்சாந்தர் கோர்புனோவ் இருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு, அவர்கள் இருவரும் திரும்பி வருவதற்கான இரண்டு வெற்றிருக்கைகளோடு கிளம்பியது. கார்ட்மன் அந்தப் பயணத்தின் தலைவராகப் பயிற்சி பெற்றவர். அதுவே அவருடைய முதல் பயணமாக இருந்திருக்கும். அந்த ராக்கெட் எழும்புவதைப் பார்க்கும்போது, அது என் ராக்கெட், அது என் குழு என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை என்று அவர் சொன்னார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வேறொரு டிராகனில், வேறு மூவரோடு, அவர் மேலே போனார்.