முட்டுக்கட்டை கொடுப்பவர்கள்

அவையில் கூடியிருக்கும் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மயிலாப்பூரின் பங்குனித் தேரைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். வடம் பிடிக்கப் பெருங்கூட்டம் வருகிறது; ஆனால் மாட வீதி முனையில் தேரைத் திருப்புவதும் வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் சக்கரத்தருகே குனிந்து முட்டுக்கட்டை கொடுக்கும் சிலருடைய கையில் இருக்கிறது. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை. தேரடியில் அதுவே காப்பு. யாரும் பார்த்துத் திருத்திப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளில் பராமரிப்பாளரின் வேலையும் இதுதான்: பிறர் எழுதி அனுப்பும் நிரலைப் படித்து ஏற்பது அல்லது மறுப்பது, வழு (பிழை) அறிக்கைகளுக்குப் பதில் எழுதுவது, புதிய பதிப்பைக் கையொப்பமிட்டு வெளியிடுவது. இவை ஒருவர் தலையில் மட்டும் இருக்கக் கூடாது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறு கருவியொன்றைப் பல ஆண்டுகள் தனியாகப் பராமரித்தேன். அந்தக் கோப்புகளில் ஔகாரக் குறிக்குப் பதில் ளகரமே தட்டச்சாகியிருக்கும். 'கெளரவம்' என்பதைக் 'கௌரவம்' என்று திருத்த ஒரு விதி சேர்த்து, 2023 டிசம்பர் தொடக்கத்தில் வெளியிட்டேன். அந்த விதி, பின்னால் புள்ளி வருகிறதா என்று பார்க்கவில்லை. 'வெள்ளம்' என்ற சொல் 'வௌ்ளம்' என்று உடைந்தது. அதே நாட்களில் மிக்ஜாம் புயலும் வந்தது. வேளச்சேரியில் எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. தாம்பரத்து மாணவர் ஒருவர் பிழை தெரிந்த அன்று மாலையே திருத்தத்தை எழுதிவிட்டார். ஆனால் பதிப்பைக் கையொப்பமிட்டு வெளியிடுவதற்கான மின்னணுத் திறவியும் கடவுச்சொல்லும் அணைந்து கிடந்த என் மடிக்கணினியில் இருந்தன. அதற்குள் ஒரு தன்னார்வலர் நாற்பது நூல்களை மாற்றி முடித்திருந்தார். அத்தனையையும் அவர் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உடனே இருவருக்குத் திறவியைக் கொடுத்தேன். ஆறு மாதம் ஆகியும் இருவரும் வெளியிடவில்லை. வெளியிடும் முறையின் படிகள் எங்கும் எழுதப்படாததால் அவர்களுக்குத் துணிவு வரவில்லை. பிறகு படிகளை எழுதினேன்; அந்த மாணவர் அதைப் பார்த்து வெளியிட, நான் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் தயங்கி நின்ற இடமெல்லாம் நான் எழுத மறந்த இடம். பொறுப்பைப் பகிர்வது அப்போதுதான் நடந்தது.

களைத்துப் போன பிறகு பகிரத் தொடங்குவதில் ஆபத்தும் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் பெரும்பாலான வழங்கல்களில் (தொகுப்புகளில்) இருக்கும் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவியை ஒருவர் ஊதியமின்றிப் பல ஆண்டுகள் கவனித்துவந்தார். தாமதத்துக்காகச் சிலர் அவரை நெருக்கினர். தொடர்ந்து உதவி நம்பிக்கை பெற்ற ஒரு கணக்குக்குப் பொறுப்பு போயிற்று. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழி, நுழைந்தது அந்தக் கணக்கின் வழியே. தொலைவிலிருந்து கணினிக்குள் செல்லும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்து, 2024 மார்ச் 29 அன்று மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அதை வெளிப்படுத்தினார். அந்தப் பராமரிப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் தளரும்வரை அருகில் ஒருவரும் நிற்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியன் திட்டத்தில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. ஒரு பொதியின் (மென்பொருள் தொகுப்பின்) பொறுப்பாளரால் கவனிக்க முடியாதபோது, வேறொரு டெபியன் உருவாக்குநர் திருத்தத்தைப் பதிவேற்றலாம். பொறுப்பாளர் பார்த்து மறுக்க இடம் தந்து, சில நாள் தாமதத்துடன் பதிவேற்றும் வசதியும் இருக்கிறது. உரிமையும் போகாது, வேலையும் நிற்காது.

நாங்கள் இப்போது வழு அறிக்கைகளுக்கு மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம். முடியாதவர் காரணம் சொல்லாமலே விலகலாம். பதில் எழுதியவர் பெயரும் நிரல் எழுதியவர் பெயருக்கு அருகிலேயே வெளியீட்டுக் குறிப்பில் வருகிறது. இம்மாத முறை ஒரு கல்லூரி மாணவியுடையது. தேர்வு வந்ததால் தாம்பரத்து மாணவர் அதை ஏற்றுக்கொண்டார். இருவரும் தங்களுக்குள் பேசி முடித்த பிறகே எனக்குத் தகவல் வந்தது.