கூற்றுகள் தனித்தனியே போதாவிட்டால் விடை ‘ஈ’ ஆகிவிடுமா?

மேலாண்மைப் படிப்பில் சேர்வதற்கான ஜிமேட் தேர்வுக்குப் படிக்கும் நேயர் ஒருவர், டேட்டா சஃபிஷியன்சி கணக்கு ஒன்றை, அதாவது தந்த இரண்டு கூற்றுகள் கேள்விக்கு விடை சொல்லப் போதுமா என்று கேட்கும் கணக்கை, அனுப்பியிருக்கிறார். தனித்தனியே போதாமல் இரண்டையும் சேர்த்தால் போதும் என்றால் விடை ‘சி’, சேர்த்தாலும் போதாது என்றால் ‘ஈ’. எக்ஸ் ஒரு முழுவா (இன்டிஜரா) என்பது கேள்வி. எக்ஸின் வர்க்கம் ஒரு முழு என்பது முதல் கூற்று. எக்ஸின் இருமடங்கு ஒரு முழு என்பது இரண்டாம் கூற்று. இரண்டுமே தனித்தனியே போதவில்லை என்பதால் ‘ஈ’ என்று குறித்தேன், விடை ‘சி’ என்கிறார்களே, ஏன் என்று கேட்கிறார்.

தொடங்கும் முன் ஒரு சொல். நம் பள்ளிப் பாடநூலில் ‘முழு எண்கள்’ என்பவை 0, 1, 2 என்று போகிறவை. இந்தத் தேர்வு கேட்கும் இன்டிஜர் என்பது குறை எண்களும் சேர்ந்த ‘முழுக்கள்’. எண்களைப் போட்டுப் பார்க்கும்போது -3 போன்றவற்றை விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் தனித்தனியே சோதித்தது முற்றிலும் சரி. எக்ஸ் 3 ஆனாலும் √2 ஆனாலும் வர்க்கம் முழுவாகவே வருகிறது. எக்ஸ் 3 ஆனாலும் 1/2 ஆனாலும் இருமடங்கு முழுவாகவே வருகிறது. பிழை அடுத்த படியில் நேர்ந்திருக்கிறது. கூற்றுகளைச் சேர்க்கும்போது, ஒரே எண் இரண்டுக்கும் பொருந்தியாக வேண்டும். √2 இரண்டாம் கூற்றில் விழுந்துவிடுகிறது, 1/2 முதல் கூற்றில் விழுந்துவிடுகிறது.

வேறு எந்த எண்ணாவது தப்புமா என்பதையும் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் இரண்டு எண்கள் தோற்றதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. எக்ஸின் இருமடங்கு இரட்டைப்படையானால் எக்ஸ் முழுவாகிவிடும். ஒற்றைப்படையானால் எக்ஸ் 1/2, 3/2, -5/2 என்று அரையில் நிற்கும். அவற்றின் வர்க்கங்கள் 1/4, 9/4, 25/4 என வரும். தொகுதி ஒற்றைப்படை, பகுதி 4 என்பதால் அவை ஒருபோதும் முழுவாகா. ஆகவே, இரண்டு கூற்றுகளுக்கும் பொருந்தும் எக்ஸ் முழுவாகத்தான் இருக்க முடியும். விடை ‘சி’.

இதைக் கண்டு, சேர்த்தால் எப்போதும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். எக்ஸ், ஒய் ஆகியவற்றின் கூடுதல் ஒரு முழு, வித்தியாசமும் ஒரு முழு என்று கொடுத்து, எக்ஸ் முழுவா என்று கேட்டால், இரண்டுக்கும் 1/2 போட்டுப் பாருங்கள்: கூடுதல் 1, வித்தியாசம் 0, எக்ஸ் முழுவல்ல. இரண்டுக்கும் 1 போட்டாலும் கூற்றுகள் பொருந்துகின்றன, அப்போது எக்ஸ் முழு. அங்கே ‘ஈ’தான் விடை.