புளி போட்டு தேய்க்காதீங்க

எல்லாருக்கும் வணக்கம். மண்ணுல கிடைக்கற பழைய செப்புக்காச எப்படி சுத்தம் பண்றதுன்னு பேச சொன்னாங்க. நான் பாதி நேரம் சுத்தம் பண்ணாதீங்கன்னுதான் பேசப்போறேன், இப்பவே சொல்லிடறேன்.

நம்ம பக்கம் நிறைய கிடைக்கற ராஜராஜன் செப்புக்காசையே எடுத்துக்குவோம். பழைய எவர்சில்வர் 25 பைசா சைஸ், எடை சுமாரா 4 கிராம். ஒரு பக்கம் ஒரு ஆள் பூவோட நிப்பான், மறுபக்கம் ஒரு ஆள் உக்காந்திருப்பான், ரெண்டு பேருமே குச்சியும் புள்ளியுமா கோடு கோடா இருப்பாங்க. உக்காந்திருக்கறவன் இடது கைக்கு கீழ நாகரி எழுத்துல ஸ்ரீ ராஜராஜன்னு பொடி எழுத்து. இதுல சுவாரசியம் என்னன்னா, சோழன் இலங்கைல ஆட்சி பண்ண காலத்துல இந்த காசு அங்கயும் ஓடிச்சு, 1070ல சோழப்படைய விரட்டி பொலன்னறுவைய புடிச்ச சிங்கள ராஜா விஜயபாகு, சோழனத்தான் விரட்டினாரே தவிர காசோட அச்ச விடல, அதே நிக்கற ஆள் அதே உக்காந்த ஆள், அவருக்கப்புறம் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி ராணி வரைக்கும் அதே டிசைன்தான். அப்ப எந்த காசு யாரோடதுன்னு எதை வச்சு சொல்றது? அந்த கைக்கு கீழ இருக்கற எழுத்த வச்சுத்தான். அது அழிஞ்சா ராஜராஜனும் லீலாவதியும் ஒண்ணுதான், வெறும் செம்புத்துண்டு.

சரி, அந்த எழுத்து எங்க இருக்கு? செம்புலதான இருக்குன்னு நினைப்பீங்க, அங்கதான் தப்பு நடக்குது. ஆயிரம் வருஷம் மண்ணுல கிடந்த காசோட மேல்பரப்பு செம்பாவே இருக்காது, உள்ள இருந்த செம்பு கரைஞ்சு வெளிய வந்து காத்தோடயும் மண்ணோட ஈரத்தோடயும் சேர்ந்து களிம்பா மாறியிருக்கும். அடியில செவப்பா ஒரு அடுக்கு, மேல பச்சையா ஒரு அடுக்கு. காசு அடிச்ச அன்னைக்கு இருந்த வடிவம், எழுத்தோட விளிம்பு, எல்லாம் பல காசுல அந்த அடுக்குலதான் பதிஞ்சு நிக்குது. கீழ இருக்கற செம்பு அரிச்சு குழி குழியா போயிருக்கும். நீங்க புளியோ எலுமிச்சையோ போட்டு தேய்க்கறப்ப முதல்ல கரையறது அந்த களிம்புதான், கூடவே எழுத்தும் போயிடும். வீடியோல மொபைல் சார்ஜர் வயர வெட்டி உப்புத்தண்ணில காச போட்டு கரண்ட் விடறாங்க பாருங்க, அது இன்னும் வேகமா போற வழி. கடைசில கையில பளபளன்னு ரோஸ் கலர்ல ஒரு வில்லை இருக்கும், பாக்க நல்லாத்தான் இருக்கும், படிக்க ஒண்ணும் இருக்காது.

சைவ சித்தாந்தம் படிச்சவங்க இங்க இருந்தா சிரிப்பீங்க, உயிர ஒட்டிக்கிட்டிருக்கற அழுக்கான ஆணவ மலத்துக்கு செம்புல இருக்கற களிம்பத்தான் உதாரணம் சொல்வாங்க, அது போகணும்னு பாடாத ஆள் இல்ல. நான் அதுக்கு நேர் எதிரா களிம்ப காப்பாத்துங்கன்னு மேடை ஏறி சொல்றேன், அடியார்கள் பொறுத்துக்கணும்.

ஆனா எல்லா பச்சையும் நல்ல பச்சை இல்ல, இத கவனமா கேளுங்க. கரும்பச்சையா, வழவழன்னு, நகத்தால சொரண்டினா வராம இருந்தா அது ஆரோக்கியமான களிம்பு, அந்த காச விட்டுடுங்க. வெளிர் பச்சையா, மாவு மாதிரி, ஊசிமுனையால தொட்டா உதிர்ந்து, தொடச்சு வச்சா ஒரு வாரத்துல அதே எடத்துல திரும்ப பூத்து நின்னா அது நோய். வெண்கல நோய்னு பேரு, செம்புக்கும் வரும். காரணம் உப்பு. மண்ணுல இருந்த உப்போட குளோரைடு உள்ள போய் செம்போட சேர்ந்து உக்காந்துடுது, வெளிய வந்ததும் காத்தும் ஈரமும் பட்டு அந்த பச்சை மாவாகுது, ஆகறப்பவே கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் உண்டாகுது, அந்த ஆசிட் அடுத்த செம்ப திங்குது, திரும்ப மாவு, திரும்ப ஆசிட், காசு முடியற வரைக்கும் இதே கதைதான். காத்துல ஈரப்பதம் 40 சதவீதத்த தாண்டினாலே இந்த வேலை தொடங்கிடும்னு சொல்றாங்க, கடலோரத்துல இருக்கறவங்க யோசிச்சுக்கோங்க. இப்ப புளியோட கல்லுப்பும் சேர்த்து தேய்க்கற பழக்கத்த நினைச்சு பாருங்க, இல்லாத நோய நாமளே உள்ள ஏத்தி விடறோம். போர்வெல் தண்ணில ஊற வைக்கறதும் அதே கணக்குதான்.

அப்ப என்னதான் பண்றது? முதல்ல எதையும் தொடறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுங்க, எடை போடுங்க, எங்க எவ்ளோ ஆழத்துல கிடைச்சதுன்னு எழுதி வைங்க. அப்புறம் டிஸ்டில்டு வாட்டர், பேட்டரிக்கு ஊத்தறதுதான், கண்ணாடி கிண்ணத்துல ஊற போட்டு அப்பப்ப தண்ணிய மாத்துங்க. மண்ணு இளகினதும் பூதக்கண்ணாடிய வச்சுக்கிட்டு பல்லுக்குத்தற மரக்குச்சியால மண்ண மட்டும் எடுங்க, குச்சி மொட்டையான உடனே தூக்கி போட்டுட்டு வேற எடுங்க. இரும்பு பிரஷ் கிட்டயே வரக்கூடாது. ஆலிவ் ஆயில்ல மாசக்கணக்கா ஊற போடறவங்க இருக்காங்க, எண்ணெய்லயும் அமிலம் இருக்கு, மெதுவா செம்ப அரிக்கும், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நோய் வந்த காசு வேற, அத தனியா பிரிச்சு காய வச்சு லேப்புக்கு கொண்டு போங்க, அவங்க குளோரைட வெளிய இழுத்து பென்சோட்ரையசோல் கொடுத்து மேல ஒரு பூச்சு பூசுவாங்க, அந்த மருந்து உடம்புக்கு ஆகாது, வீட்ல வேண்டாம். சென்னை எழும்பூர் மியூசியத்துல 1930லயே இதுக்குன்னு லேப் வச்சுட்டாங்க, பரமசிவன்னு ஒரு கெமிஸ்ட், நம்ம செப்புத்திருமேனிகளுக்கு இதே நோய் வந்ததாலதான் அந்த லேபே வந்தது.

கலயத்தோட ஒட்டி ஒரு கட்டியா காசு கிடைச்சா பிரிக்கவே பிரிக்காதீங்க. எது மேல எது கிடக்குன்றதே ஒரு சேதி, காச துணில முடிஞ்சு வச்சிருந்தா துணி மக்கிப்போயும் நூலோட நெசவு அப்படியே களிம்புல பதிஞ்சிருக்கும், லென்ஸ் வச்சு பாத்தா ஊடும் பாவும் தெரியும். தண்ணில போட்டு உலுக்கினா அது போச்சு.

இன்னொரு விஷயம், யாருக்கும் புடிக்காது, ஆனா சொல்லணும். 1878ல போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கு, மண்ணுல மறைஞ்சு கிடந்து கிடைச்சது 10 ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்கு தெரியப்படுத்தணும். வீட்டுக்கு கடக்கால் தோண்டறப்ப கிடைச்சாலும் அதேதான். விஏஓ கிட்டயாவது போய் சொல்லிடுங்க, தேய்க்கறதுக்கு முன்னாடியே.

முறையா உங்க கைல இருக்கற காச வைக்கறதுக்கு கடைல விக்கற மெத்துன்னு இருக்கற பிவிசி ஆல்பம் வாங்காதீங்க, அந்த பிளாஸ்டிக்கே நாளாக ஆக ஆசிட் விடும், காசு பிசுபிசுன்னு பச்சையாகும். வெளிய இருந்தே உள்ள தெரியற, இறுக்கமா மூடற டப்பா, உள்ள நீல கலர் சிலிக்கா ஜெல் பாக்கெட், அது ரோஸாச்சுன்னா மாத்திடுங்க. காச விளிம்புல மட்டும் புடிங்க, விரல் வேர்வைலயும் உப்புதான். ஐப்பசி கார்த்திகை மழை நேரத்துல மட்டும் வாரம் ஒரு தடவ டப்பாவ திறக்காமயே வெளிய இருந்து பாருங்க, எங்கயாவது வெளிர் பச்சை புள்ளி தெரிஞ்சா அந்த காச மட்டும் வேற டப்பாவுக்கு மாத்திடுங்க.